திலகவதியின் துடைப்பம்

அன்புள்ள சார்,

வணக்கம். நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். மாமியார் வீட்டில் எல்லாரும் போனில் படிக்கிறவர்கள்.

என் வீட்டுக்காரருக்கு 44 வயது. கரும்பு லாரி ஓட்டுகிறார். ஆடிக் கடைசியில் நாலு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாளில் பாதம் மரத்துப்போனது. மூன்றாம் நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் ஜி.பி.எஸ். என்றார். லாரியில் மாட்டுகிற ஜி.பி.எஸ். மாதிரி ஏதோ மெஷின் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். அப்புறம்தான் வியாதியின் பெயரே அதுதான், கீய்யன்-பாரே சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம் என்று தெரிந்தது. உங்களுக்கும் அதுதான் வந்தது என்று நீங்கள் எழுதியிருந்ததைத் தேடிப் படித்தேன்.

உங்களுக்குப் போட்ட ஊசியைத்தான் முதலில் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் எங்களுக்கு வாய் அடைத்துப்போனது. ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி ஏற்றுகிற சிகிச்சைதான் செய்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார். பிடித்துக்கொண்டு நிற்கிறார், விரல்கள் மட்டும் இன்னும் மடங்கவில்லை. கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்திருந்தால் சீக்கிரம் நடந்திருப்பாரோ என்று ராத்திரியெல்லாம் ஓடுகிறது. மாமியார் வேறு, குலதெய்வத்துக்குப் படையல் போட்டு மூன்று வருஷமாச்சு, அதான் இப்படி என்கிறார். படையல் போடாததற்குக் காரணம் நான்தான். மூன்று வருஷமும் ஏதாவது செலவு முன்னால் வந்து நின்றது.

கடைசியாக ஒன்று, தப்பாக நினைக்காதீர்கள். போன மாதம் திருவதிகைக் கோயிலில் உங்களைப் பார்த்தேன். நெற்றி நிறைய பட்டை. ரொம்ப நாள் முன்னால் தீச்சட்டி எடுக்கிற ஒரு பெண்ணைக் கிண்டல் பண்ணி நீங்கள் எழுதியதையும் படித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண் இடத்தில் என்னை வைத்துப் பார்த்து அழுதேன். இப்போது நீங்கள் மாறிவிட்டீர்களா? உங்களைக் காப்பாற்றியது மருந்தா, சாமியா? இவர் எப்போது நடப்பார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. வலது கை அரை மணிக்கு மேல் தட்டச்சு செய்ய விடுவதில்லை. அதனால் இது அரை அரை மணியாக எழுதியது. ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்த பிளாஸ்மா மாற்று சிகிச்சையையும் எனக்குப் போட்ட இம்யூனோகுளோபுலினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1990களில் பெரிய ஆய்வுகள் நடத்திப் பார்த்துவிட்டார்கள். பலன் ஒன்றுதான். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் குறிப்பிட்டுச் சொல்கிற மாதிரி கூடுதல் லாபம் இல்லை. முக்கியம், காலம் தாழ்த்தாமல் ஏதாவது ஒன்றைச் செய்வது. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். நீங்கள் ராத்திரியில் போடும் கணக்கில் விடையே தப்பு. தூங்குங்கள்.

அப்புறம் படையல். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுகிற படை ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஒரு வகைக் கிருமியின் மேல்தோலும் நம் நரம்பின் மேல் இருக்கும் பொருளும் பார்க்க ஒரே ஜாடை. கிருமியைத் துரத்தப் போன படை, ஜாடையைப் பார்த்து நரம்பையும் போட்டுச் சாத்திவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். உங்கள் வீட்டு ஐயனாரோ அம்மனோ, யாராக இருந்தாலும், அவர்களுக்கு இதில் சம்பந்தம் கிடையாது. மாமியாரிடம் இதைச் சொல்லிச் சண்டைக்குப் போகவேண்டாம். பிள்ளை படுத்துக் கிடக்கும்போது காரணம் தேடாத தாய் யார்? காரணம் அவர் கையில் அகப்படவில்லை, நீங்கள் அகப்பட்டீர்கள். கையில் காசு வரும்போது படையலைப் போடுங்கள். பயத்துக்காகப் போடாதீர்கள், பொங்கல் சாப்பிடலாம் என்று போடுங்கள்.

இந்த வியாதிக்கு அந்தப் பெயர் வந்த கதை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. 1916ல், முதல் உலகப்போர் நடக்கும்போது, பிரெஞ்சுப் படையில் இரண்டு சிப்பாய்களுக்குக் கைகால் விழுந்துபோனது. அவர்களைப் பார்த்து எழுதிய மருத்துவர்களில் இருவரின் பெயர்தான் கீய்யன், பாரே. மூன்றாவதாக ஸ்த்ரோல் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயர் எப்படியோ விட்டுப்போனது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அந்தப் போரில் இறந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் என்னை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருப்பார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அந்தப் பக்கமே போகவில்லை என்று மகன் சொன்னான்.

எனக்கு வந்தது போன ஐப்பசியில். இதோடு சரியாக ஒரு வருஷம். நான் குடியிருப்பது கடலூர் வண்டிப்பாளையத்தில். காலையில் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனேன். கடைக்காரர், "சார், ஒரு செருப்பு எங்க?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. நாற்பது அடி பின்னால் நடுரோட்டில் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. மழைத் தண்ணீரில் நின்ற காலுக்கு ஈரமும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சத்துக்குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் இட்லியை மெல்ல முடியவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அன்றைக்கு மாதிரி நீளமான சாலையை நான் பார்த்ததில்லை.

அங்கே முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். கால் துள்ளவேண்டும், துள்ளவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அப்புறம் ஒரு டாக்டர் வந்து, "மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சில ஒண்ணு ரெண்டு சொல்லுங்க" என்றார். மெஷின் ஒன்றும் கிடையாது, வெறும் எண்ணிக்கை. சத்தமாக எண்ணினேன். 31 வரை வந்தது. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். 24. இருபதுக்குக் கீழே போனால் கவலை என்று வெளியே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்குப் பரீட்சை மாதிரி முயன்றுகொண்டிருந்தேன். விடியற்காலை 17. எண்ணிக்கை 12க்கு வந்தபோது குழாய் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் அடி வாங்கினவன் நான். அதற்கப்புறம் எண்களுக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

19 நாள் வெண்டிலேட்டர். நடுவில் தொண்டையில் ஓட்டை போட்டார்கள், அந்தத் தழும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நினைவு முழுக்க இருக்கும், காது கேட்கும், வலி தெரியும். இமை மட்டும் அசையும். உங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு வரைக்கும் போகவில்லை என்று தெரிகிறது. அதுவே பெரிய விஷயம்.

பேச வழியில்லாததால் மகன் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தான். இங்கிலீஷ்காரனுக்கு 26 எழுத்து, நமக்கு 247. அவன் மேலிருந்து கீழே மெய்யெழுத்து பதினெட்டையும் எழுதி, பக்கவாட்டில் உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதினான். மனைவி க, ங, ச என்று விரலை இறக்கிக்கொண்டே வருவாள். வேண்டிய இடத்தில் நான் கண்ணை மூடவேண்டும். அப்புறம் அ, ஆ, இ. முதல் நாள் கால் மணி நேரம் போராடி நான் சொன்ன சொல் 'தலை'. ஐயோ தலை வலிக்குதாம் என்று ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்து வலி மாத்திரை கொடுக்க வைத்தாள். எனக்கு அரித்தது. 'அரி' என்று சொல்வதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. பார்க்கப்போனால் மனிதனுக்குக் கடைசி ஆசை என்று ஒன்று இருந்தால், தலையைச் சொறிந்துவிட ஒரு ஆள் என்பதாகத்தான் இருக்கும்.

அந்த மருந்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐந்து நாள், சொட்டுச் சொட்டாக. அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, ரத்தம் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுப்பது என்றார்கள். ஒரு பாட்டிலுக்குள் அத்தனை பேர். இப்போது என் ஊசி உசத்தி, உங்களுடையது மட்டம் என்று சொல்லவரவில்லை, மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சாமியா மருந்தா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி என் மனதுக்குள் நுழையும்போதெல்லாம் அந்த பாட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வரும். யாரோ எங்கேயோ கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். யாருக்கென்று தெரியாது.

இனி அக்கா.

என் அக்காவுக்கு 64 வயது. பண்ருட்டியில் தனியாக இருக்கிறாள். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்கு பதினான்கு. மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம். திருவதிகைக் கோயிலில் உழவாரப் பணி செய்கிற கூட்டத்தோடு சேர்ந்து பிரகாரத்தில் புல் பிடுங்குவாள், தரை கழுவுவாள். முப்பது வருஷமாக நான் அவளைக் கேலி செய்துவந்திருக்கிறேன். "கவர்மெண்ட் கோயிலுக்கு நீ என்ன சம்பளமில்லாத ஆயாவா?" என்று கேட்டிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே மோர் கொடுப்பாள்.

அந்த ஊரில் திலகவதியார் கதை தெரியாதவர்கள் கிடையாது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்துவிடுகிறார். அவளும் உயிரை விடப் போகிறாள். 'தம்பியார் உளராக வேண்டும்' என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறாள் என்கிறது பெரியபுராணம். அந்தத் தம்பி வளர்ந்து சமணத்துக்குப் போய் தருமசேனர் ஆகிப் பெரிய ஆளாகிவிடுகிறார். சூலைநோய் வருகிறது. குடலைப் பிடித்து முறுக்குகிறது. ஆள் விட்டு அக்காவைக் கூப்பிடுகிறார். அவள் வரமாட்டேன் என்கிறாள்! ராத்திரியோடு ராத்திரியாக அவரே வந்து காலில் விழுகிறார். விடியற்காலையில் அவள் கோயிலுக்குக் கிளம்புகிறாள். கையில் என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்பதைச் சேக்கிழார் விடாமல் சொல்கிறார்: அலகு, மெழுக்கு, தோண்டி. அதாவது துடைப்பம், மெழுகச் சாணம், தண்ணீருக்குக் குடம். தம்பி சாகக் கிடக்கிறான். அன்றைக்கும் அவள் வாசல் பெருக்கத்தான் போகிறாள், கூடவே அவனையும் கூட்டிக்கொண்டு. சின்ன வயதில் எனக்கு இது கல்நெஞ்சமாகப் பட்டது.

என் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பண்ருட்டியிலிருந்து கடலூர், கடலூரிலிருந்து புதுச்சேரி, அப்புறம் ஷேர் ஆட்டோ. இப்படி 41 நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் திருநீறு பூசக் கூடாது என்றார்கள். சரி என்று சின்னப் பொட்டலமாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். தினமும் இரண்டு முறை விரிப்பு மாற்றுவார்கள். பொட்டலம் கீழே விழும். சிலுவைச் செயின் போட்ட ஒரு நர்ஸ் அதை எடுத்துத் தூசி தட்டி, புது விரிப்புக்கு அடியில் திரும்ப வைப்பார். கழுத்தைத் திருப்ப முடியாது. ஆனால் அந்தக் கை தலையணைக்குக் கீழே போய்வருவது தலைக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீர் வந்திருந்தது. அதையும் அதே நர்ஸ்தான் அவர் தலைமாட்டில் சாயாமல் பார்த்துக்கொண்டார்.

அக்கா காதருகே குனிந்து மெல்லப் பாடுவாள். திலகவதியின் அந்தத் தம்பி, அதாவது அப்பர், திருவதிகையில் முதல்முதலில் பாடிய பதிகம். பள்ளியில் மனப்பாடம் செய்தது, மார்க் வாங்கியது. 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்றுதான் ஆரம்பம். எமனாக வந்து நிற்கிறது, நீர் விலக்க மாட்டேன் என்கிறீர். அடுத்து 'கொடுமை பல செய்தன நான் அறியேன்'. முற்பிறவியில் செய்தது என்று பொருள் சொல்வார்கள். படுத்துக்கிடந்த எனக்கு, "நான் என்னய்யா பண்ணினேன்?" என்றுதான் கேட்டது. உங்கள் மாமியார் கேட்கிற அதே கேள்வி. பாட்டு முடியும்போது, 'ஆற்றேன் அடியேன், அதிகைக் கெடில வீரட்டானத்து உறை அம்மானே'. என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. துதி பாடல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது புகார் மனு. அதுவும் நம் கெடிலத்தங்கரை விலாசம் போட்டு எழுதின மனு. உங்கள் ஊர் வழியாகவும் அந்த ஆறுதான் போகிறது.

எனக்கு அப்போது கும்பிட வரவில்லை. ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று முயன்று பார்த்தேன். இத்தனை வருஷம் எழுதினதெல்லாம் நடுவில் வந்து நின்றது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் 'ஆற்றேன்' என்ற ஒரு சொல்லை அவளோடு சேர்ந்து மனதுக்குள் சொல்ல முடிந்தது. அதைச் சொல்ல நம்பிக்கை தேவைப்படவில்லை. வலி இருந்தால் போதும்.

நான் மாறிவிட்டேனா என்பதற்கு இதுதான் என்னால் தரமுடிந்த பதில். சொந்தமாக எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் கையை விரிப்பேன். அக்காவின் நம்பிக்கையில் ஒரு வருஷம் ஒண்டுக்குடித்தனம் இருந்தேன். அவள் வாடகை கேட்கவில்லை, எப்போது காலி பண்ணுவாய் என்றும் கேட்கவில்லை. நீங்கள் பார்த்த பட்டை அவள் பூசியது. அவள் அன்றைக்குப் பிரகாரத்தில் வேலையாக இருந்தாள். நான் படியில் உட்கார்ந்து எட்டுகிற தூரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். விரலுக்கு நல்ல பயிற்சி.

"அப்ப என்னக்கா வேண்டிக்கிட்ட?" என்று வீட்டுக்கு வந்தபிறகு கேட்டேன். "என்னத்த வேண்டறது? பஸ்ஸுல தூங்கிடுவேன்" என்றாள்.

தீச்சட்டி விஷயம். அந்தக் கட்டுரையில் அந்தப் பெண்ணின் கையில் இருந்த சட்டியைத்தான் பார்த்தேன், யாருக்காக எடுத்தாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பிள்ளையோ புருஷனோ எங்கோ படுத்திருப்பது தெரிந்திருக்கும். நீங்கள் அழுதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். கட்டுரையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் அப்படி எழுதினவன்தான் என்பது அங்கேயே கிடக்கட்டும்.

அக்காவைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், என் மனைவி இதைப் படித்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம். அவள் கோயிலுக்கும் போகவில்லை, மாதாவிடமும் போகவில்லை. 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கினாள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மணிக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். ராத்திரி 10 இடது, 12 மல்லாக்க, 2 வலது, 4 இடது. அதற்கெதிரே மூத்திரம் எவ்வளவு, கஞ்சி எவ்வளவு. இப்படி மூன்று நோட்டு. 2 மணிக்கும் 4 மணிக்கும் கையெழுத்து கோணிக்கொண்டு போகும். காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துவாள். அந்த வருஷத்தில் அவள் ஒன்பது கிலோ இளைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நானோ கஞ்சியில் உப்பில்லை என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். கை அசைய ஆரம்பித்து அது செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். அவள் கஞ்சியைத் துடைத்துவிட்டு, "பரவாயில்ல, கையில பலம் வந்திருக்கு" என்று நோட்டில் எழுதினாள். அந்தப் பக்கத்தை இப்போதும் என்னால் பார்க்க முடியவில்லை.

திலகவதி கையில் இருந்த துடைப்பம் எனக்குப் புரிந்தது இந்த நோட்டைப் பார்த்துத்தான். உங்கள் வீட்டில் நோட்டு யார் எழுதுகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வாரத்தில் ஒரு ராத்திரியாவது மாமியாரைப் புரட்டச் சொல்லுங்கள். குலதெய்வத்தைப் பற்றிய பேச்சு தானாகக் குறையும். அவரும் ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் தவித்துக்கொண்டிருப்பார்.

எப்போது நடப்பார்? இந்த வியாதி வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு எட்டு பேர் ஆறு மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் நடந்துவிடுகிறார்கள். உங்களவர் மூன்றாம் மாதத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறார். நரம்பை மின்சார ஒயர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற ரப்பர் உறை மட்டும் போயிருந்தால் சில வாரம், சில மாதத்தில் உறை திரும்ப வந்துவிடும். உள்ளே இருக்கிற கம்பியே அறுந்திருந்தால் அது புதிதாக வளரவேண்டும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். முதுகிலிருந்து பாதத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். அதனால் ஒருநாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போது தெரியும்.

பழையபடி ஆகிவிடுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கும் சொல்லிவிடுகிறேன். நான் ஆகவில்லை. வலது பாதம் இன்னும் தரையை உரசுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி உடம்பு விழுந்துவிடும். இந்த அசதி பலருக்கு வருஷக்கணக்கில் இருக்குமாம். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் சொன்ன பிறகுதான் பேச்சு. வெள்ளிக் கடற்கரையில் நின்றால் மணல் தெரிவதில்லை, ஜில்லென்று இருப்பது மட்டும் தெரிகிறது. ஆனால் பசிக்கிறது, தங்கை! ஒரு வருஷத்துக்கு முன்னால் இப்படிப் பசித்து நான் சாப்பிட்டதில்லை. கத்தரிக்காய் கொத்சுக்கு இரண்டு இட்லி கூடுதலாகப் போகிறது.

எங்கள் வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம் இருக்கிறது. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறின இடம் என்பார்கள். சித்திரையில் அதற்கு விழா நடக்கும். ஐம்பது வருஷமாக அந்தக் கூட்டத்தால் ரோடு அடைக்கிறது என்று முணுமுணுத்தவன் நான். இந்தச் சித்திரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றேன். ஊர்வலம் வந்தது. கூட்டத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஓரமா நில்லுங்க, ரோடு அடைக்குது" என்றான்.

விரல் மடங்கவில்லை என்றீர்களே. எனக்கு ஆஸ்பத்திரியில் கிளிப், ரப்பர் பந்து எல்லாம் கொடுத்தார்கள். பந்து மூன்றாம் நாளே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அக்கா பண்ருட்டியிலிருந்து அம்மாவின் பல்லாங்குழியைக் கொண்டுவந்தாள். சோழியைக் குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போடவேண்டும் இல்லையா? முதலில் புளியங்கொட்டையைக்கூட எடுக்க வராது. குழியில் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டே இருப்பேன், அவள் சீரியல் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு மாதத்தில் சோழிக்கு வந்தேன். பிசியோதெரபி செய்யவந்த பெண் பார்த்துவிட்டு, "பந்தைத் தூக்கிப் போடுங்க சார், இதையே ஆடுங்க" என்றார். அக்கா ஒரு ஆட்டத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நோயாளி என்ற இரக்கமே கிடையாது.

இப்போது அந்தப் பலகை எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பண்ருட்டி போகிறான். நெல்லிக்குப்பம் வழிதான். விலாசம் மட்டும் அனுப்பிவையுங்கள், பெயர் வேண்டாம். அவர் விரல் மடங்கினதும் திருப்பிக் கொடுத்தால் போதும். சோழியை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குறையும். அக்கா எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள் என்பது என் சந்தேகம், அவள் ஒப்புக்கொள்வதில்லை.

அன்புடன்,
வண்டிப்பாளையத்திலிருந்து உங்கள் அண்ணன்